நடுவுல வந்த கொடைக்கானல் ரேடியோ

"நல்லா பேசிக்கிட்டே இருக்க. திடீர்னு போனை வச்சுட்டு ரேடியோவைப் போட்டு விட்டுர்றியேப்பா..."

போன வருசம் எங்கப்பா என்கிட்ட சொன்ன புகார் இது. சிங்கப்பூர்ல உக்காந்திருக்குற நான், சாந்தன்பாறையில இருந்து தேனிக்குப் போற கார்ல எப்படிங்க ரேடியோ போட முடியும்? வயசாயிடுச்சு, ஏதோ குழப்பிக்கிறாருன்னு சிரிச்சுட்டு விட்டுட்டேன். அது எவ்வளவு பெரிய தப்புன்னு புரிய அஞ்சு மாசம் ஆச்சு. நோய் என்னன்னு அந்த ஒரு வரியிலேயே அப்பா சொல்லிட்டாரு. நான்தான் காதுல வாங்கல.

கதையை முதல்ல இருந்து சொல்றேன். ஊர்ல அப்பா அம்மாவை விட்டுட்டு, வாரத்துக்கு ஒரு போன்ல குடும்பம் நடத்துற எல்லாருக்கும் இது உதவும்.

எங்க வீடு இடுக்கி மாவட்டத்துல உடும்பன்சோலை தாலுகா, சாந்தன்பாறை. தாத்தா காலத்துல போடியில இருந்து மலை ஏறி வந்த ஏலக்காய்க் குடும்பம். அப்பாவுக்கு இப்ப 76 வயசு. சிறுநீரகம் ரெண்டும் ஓய்ஞ்சு போச்சு. புதன்கிழமையும் சனிக்கிழமையும் தேனிக்குப் போய் டயாலிசிஸ் பண்ணிக்கணும். தம்பிதான் கார் ஓட்டுவான். காலையில 6 மணிக்குக் கிளம்பி பூப்பாறை போய், அங்க கொச்சி-தனுஷ்கோடி நெடுஞ்சாலையைப் பிடிச்சு, போடிமெட்டு தாண்டி 17 கொண்டை ஊசி வளைவு இறங்கி, போடி வழியா தேனி. அங்க 4 மணி நேரம் மிஷின்ல படுத்திருக்கணும். திரும்பி வீடு வந்து சேர சாயங்காலம் ஆயிடும்.

அப்பாவுக்குக் காது மந்தம். காது மிஷின் வாங்கிக் குடுத்தா மேசை டிராயர்ல வச்சுப் பூட்டிட்டாரு. வீட்டுக்குப் போன் பண்ணா, மழை பெய்யுற நாள்ல தகரக் கூரை சத்தத்துல ஒண்ணும் கேக்காது. "சரி சரி, நல்லா இருக்கேன், அம்மாகிட்ட குடுக்குறேன்" - இதுதான் பல வருசமா எங்க ரெண்டு பேருக்கும் நடந்த மொத்தப் பேச்சு.

கார்தான் அதை மாத்துச்சு. தம்பி 2021ல வாங்குன கார்ல ஆறு ஸ்பீக்கர் இருக்கு. போனை ஒயர்ல மாட்டினா கார்பிளே வரும். கண்ணாடியை ஏத்தி விட்டுட்டா அந்தப் பெட்டிக்குள்ள என் குரல் அப்பாவுக்குத் தெளிவாக் கேக்குது! சனிக்கிழமை இந்திய நேரம் காலை 6 மணின்னா இங்க எட்டரை. எனக்கு லீவு நாள். காபியைப் போட்டுக்கிட்டு உக்காந்தா ரெண்டு மணி நேரம் அப்பாவோட பேச்சுதான். பச்சை ஏலக்காய் விலையில இருந்து, 1956ல மாநிலம் பிரிச்சப்ப தாத்தா என்ன சொன்னாருங்குறது வரைக்கும். 40 வயசுக்கு மேல எங்கப்பாவை நான் கார் ஸ்பீக்கர் வழியாத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்னு சொன்னா நம்புவீங்களா?

அப்படி நல்லாப் போய்க்கிட்டிருந்தது, சில மாசத்துல கெட்டுப் போச்சு. பேசிக்கிட்டே இருப்போம், அப்பா குரல் காணாமப் போயிடும். நான் "அப்பா... அப்பா"ன்னு கத்துவேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி வரும். அடுத்த வளைவுல மறுபடி போகும். ஒரு பயணத்துல பத்து தடவை. மலைதானே, டவர் கிடைக்கல போலன்னு நானே முடிவு பண்ணிட்டேன். போடிமெட்டு வரைக்கும் கேரளா டவர், அதுக்கு அப்புறம் தமிழ்நாட்டு டவர், நடுவுல சிக்னல் தடுமாறத்தானே செய்யும்?

அப்பாவோட கணக்கு வேற. பையன் வேலையா இருக்கான், பாதியில வச்சுட்டுப் போறான். மெல்ல மெல்ல அவரு பேச்சு குறைஞ்சுது. "உனக்கு ஆயிரம் வேலை இருக்கும்ப்பா, வையி" அப்படின்னு பத்து நிமிசத்துலயே முடிச்சுக்குவாரு. பழைய "சரி சரி, நல்லா இருக்கேன்" திரும்பி வந்துருச்சு.

ஒருநாள் சாயங்காலம் வேற மாதிரி ஆச்சு. பூப்பாறை பக்கம் ரோட்டுல ஆனை நிக்குதுன்னு யாரோ சொல்ல, அம்மா பதறிப் போய் தம்பிக்குப் போன் பண்ணிருக்காங்க. அரிக்கொம்பனை 2023 ஏப்ரல் 29ல சின்னக்கானல்ல மயக்க ஊசி போட்டுப் பிடிச்சு லாரியில கொண்டு போனாங்களே, ஞாபகம் இருக்கும். அவன் ஒருத்தன் போனா மத்த ஆனைங்க இல்லாமலா இருக்கும்? அம்மா பேச ஆரம்பிச்ச உடனே லைன் போயிடுச்சு. தம்பிக்கு ஒண்ணும் கேக்கல. நேராப் போய் நிக்குற வண்டி வரிசையில மாட்டிக்கிட்டான். ஆனை தோட்டத்துக்குள்ள இறங்குற வரைக்கும், டயாலிசிஸ் முடிஞ்ச களைப்புல அப்பா பின் சீட்டுல ஒண்ணரை மணி நேரம். ஒண்ணும் ஆகல. ஆனா அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

தம்பி காரை சர்வீஸுக்குக் கொண்டு போனான். "ஸ்கிரீன் யூனிட்டையே மாத்தணும், 38,000 ஆகும்"னு சொல்லிட்டாங்க. நல்ல வேளை, அவன் மாத்தறதுக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணான்.

"கேபிளை மாத்திப் பார்த்தியாடா?"

"பார்த்துட்டேண்ணே. கடையில வேற கேபிள் வாங்கிப் போட்டேன். அப்பவும் போகுது. அதுவும் இல்லாம பழைய கேபிள்ல சார்ஜ் நல்லா ஏறுதுண்ணே. கேபிள் நல்லாத்தான் இருக்கு."

இந்த பதில்ல ரெண்டு தப்பு இருக்கு. அப்ப எனக்கும் தெரியல.

தற்காலிகமா ஒரு வழி பண்ணோம். போனை சிகரெட் லைட்டர் சாக்கெட்ல சார்ஜ் போட்டுட்டு, புளூடூத்ல பேசறது. லைன் போகல. ஆனா அந்தக் கார்ல புளூடூத் குரல் கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி வந்துச்சு. அப்பாவுக்குப் பாதி வார்த்தை புரியல. உங்க கார்ல நல்லாக் கேட்டா அதுவே போதும், தாராளமா வச்சுக்குங்க. எங்களுக்கு உதவல.

அக்டோபர்ல 2 வாரம் லீவு போட்டுட்டு ஊருக்குப் போனேன். முதல் புதன்கிழமையே முன் சீட்டுல உக்காந்துக்கிட்டேன். வளைவு இறங்க ஆரம்பிச்சதும் நடந்ததை என் கண்ணால பார்த்தேன். ஸ்கிரீன்ல மேப் ஓடிக்கிட்டிருக்கு. ஒரு குலுக்கல். மேப் மறைஞ்சுது. அடுத்த நொடி ஸ்பீக்கர்ல கணீர்னு கொடைக்கானல் பண்பலை 100.5!

அப்பா பின்னாடி இருந்து, "பாரு, இதைத்தான் சொன்னேன்" அப்படின்னாரு.

அப்பதாங்க உறைச்சுது. டவர் போனா, பேச்சு மட்டும்தான் போகும். போனுக்கும் காருக்கும் உள்ள இணைப்பு அப்படியே இருக்கும், ஸ்கிரீன் அப்படியே நிக்கும். ரேடியோ வருதுன்னா, போன் இணைப்பு அறுந்துடுச்சுன்னு கார் நினைச்சுக்கிட்டு தன்னோட பழைய வேலைக்குத் திரும்புதுன்னு அர்த்தம். அப்ப பேச்சு போன்லயே ஓடிக்கிட்டுதான் இருக்கு. கியர் பக்கத்துல கிடக்குற போன்ல நான் "அப்பா அப்பா"ன்னு கத்திக்கிட்டிருப்பேன், அது ரேடியோ சத்தத்துல யாருக்கும் கேக்காது. நான் வைக்கவும் இல்ல, டவரும் போகல. நடுவுல இருந்த ஒயர்தான்.

அது ஏன் அறுந்துச்சு? இங்கதான் நம்ம பி.காம் மூளை வேலை செஞ்சுது (ஹி ஹி). பேங்க்ல கணக்கு இடிச்சா எல்லாத்தையும் ஒரே நேரத்துல திருத்த மாட்டோம். ஒவ்வொரு வரியா டிக் பண்ணி, ஒரு சமயத்துல ஒண்ணை மட்டும் மாத்துவோம். ஒரு நோட்டு எடுத்தேன். எந்தப் போன், எந்தக் கேபிள், எத்தனை தடவை அறுந்துச்சு - மூணு கட்டம். ரோடு அதேதான், ஓட்டுறவன் அதே தம்பிதான், அதே யுஎஸ்பி துளைதான்.

தம்பி போன், நான் முன்னாடி வாங்கிக் குடுத்த ஐபோன் 11. என்னோடது 13. ரெண்டுலயும் ஒரே லைட்னிங் துளை, அதனால மாத்தி மாத்திப் போட முடிஞ்சுது. கார்ல இருந்த கேபிள் 2 மீட்டர் நீளம். நான் வச்சிருந்தது அரை மீட்டர், போன் கம்பெனியோட அங்கீகார முத்திரை உள்ளது.

தம்பி போனும் நீளக் கேபிளும்: போடி போய்ச் சேர்றதுக்குள்ள 11 தடவை அறுந்துச்சு.
என் போனும் நீளக் கேபிளும்: 4 தடவை.
தம்பி போனும் குட்டைக் கேபிளும்: 3 தடவை.
என் போனும் குட்டைக் கேபிளும்: ஒரு தடவை கூட இல்ல.

நாலு பயணம், ரெண்டு வாரம், விடை வந்துருச்சு. கார் நிரபராதி. குற்றவாளி ஒருத்தன் இல்ல, ரெண்டு பேரு. கேபிள்லயும் கோளாறு, தம்பி போன் துளையிலயும் கோளாறு. தம்பி கேபிளை மட்டும் மாத்துனப்ப துளைக் கோளாறு மிச்சம் இருந்துச்சு. அதனால "கேபிள் இல்ல"ன்னு தீர்ப்பு எழுதிட்டான். ரெண்டு தப்பு இருக்குற கணக்குல ஒண்ணைத் திருத்தினா கணக்கு நேராகாது. உடனே "நான் திருத்தினது தப்பே இல்ல"ன்னு பழையபடி மாத்தி வச்சுருவோம். பேங்க்ல எத்தனை ராத்திரி இதுக்காக முழிச்சிருக்கேன்! கார்னு வந்ததும் மறந்துட்டேன்.

கேபிளை வெளிய உருவிப் பார்த்தேன். டிரைவர் சீட்டுக்கு அடியில, சீட்டு முன்னும் பின்னும் நகர்ற தண்டவாளத்துல மாட்டி ஒரு இடத்துல நசுங்கியிருந்துச்சு. வளைவுல வண்டி சாயும்போது கேபிள் இழுபட்டு அந்த இடத்துல உள்ளிருக்குற ஒயர் விட்டு விட்டுத் தொடுது. இந்த மாதிரி யுஎஸ்பி கேபிள்ல கரண்டுக்கு ஒரு ஜோடி ஒயர், தகவலுக்கு ஒரு ஜோடி ஒயர். கரண்டு ஒரு நொடி நின்னா யாருக்கும் தெரியாது, பேட்டரி தாங்கிக்கும். தகவல் ஒரு கணம் நின்னா கார் கதவைச் சாத்திடும். மறுபடி போனும் காரும் ஒண்ணை ஒண்ணு அடையாளம் கண்டு, முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அதனால "சார்ஜ் ஏறுது, கேபிள் நல்லா இருக்கு"ங்கறது சாட்சியே இல்ல. சார்ஜுக்கு மட்டும்னே செய்யுற கேபிள்ல தகவல் ஒயரே இருக்காது.

போன் துளைக்கு டார்ச் அடிச்சுப் பார்த்தேன். அடியில சாம்பல் கலர்ல ஏதோ அடைச்சிருக்கு. போனை ஆஃப் பண்ணிட்டு, மரப் பல்குத்தியால மெதுவா நெம்பி எடுத்தேன். பஞ்சு மாதிரி ஒரு உருண்டை. முகர்ந்து பார்த்தா ஏலக்காய் வாசம்! தம்பி நாள் முழுக்க ஏலக்காய் ஸ்டோர்லதான் கிடப்பான். காஞ்ச காயைத் தேய்ச்சு வால் எடுக்கும்போது பறக்குற தூசி, சட்டைப் பை நூலோட சேர்ந்து துளைக்குள்ள கெட்டியா இறுகியிருக்கு. பிளக் முழுசா உள்ள போகாம நூலிழை வெளிய நின்னுருக்கு. சமவெளி ரோட்டுல அது போதும். 17 வளைவுக்குப் போதாது.

சுத்தம் பண்ணி, குட்டைக் கேபிளைப் போட்டு, தம்பி போன்லயே அடுத்த பயணம் போனோம். ஒரு தடவை கூட அறுகல. செலவு, அந்தக் கேபிளோட 2,000 ரூபாய்க்குள்ள. பல்குத்தி வீட்டுல இருந்தது.

இப்ப நான் சொல்லத் தயங்குன ஒண்ணு. அந்த 2 மீட்டர் சிவப்பு நைலான் கேபிள், நான் வாங்கிட்டுப் போனது. பின் சீட்டுல இருக்குற அப்பாவும் சார்ஜ் போட்டுக்கலாமேன்னு, நீளமா, பளபளன்னு இருக்கேன்னு இங்க ஒரு கடையில எடுத்தேன். எந்த முத்திரையும் இல்லாதது. "அண்ணன் வெளிநாட்டுல இருந்து கொண்டு வந்தது, அதுல கோளாறு இருக்காது"ன்னு தம்பி கடைசி வரைக்கும் அதைச் சந்தேகப்படவே இல்ல. கடையில வாங்குன உள்ளூர் கேபிளை மூணாம் நாளே தூக்கிப் போட்டுட்டு மறுபடி அதையே மாட்டியிருக்கான். நாம கொண்டு போற சாமானுக்கு ஊர்ல இருக்குற மரியாதையை நினைச்சா சில சமயம் பயமா இருக்குங்க.

உங்க வண்டியிலயும் இப்படி அறுந்துச்சுன்னா, செலவு இல்லாததுல இருந்து ஆரம்பிங்க:

1. அறுந்த உடனே ஸ்கிரீனைப் பாருங்க. மேப் நிக்குதுன்னா டவர் பிரச்சினை. ரேடியோவோ காரோட சொந்தப் பக்கமோ வந்தா ஒயர் பக்கம் பிரச்சினை.

2. கார்ல ரெண்டு மூணு யுஎஸ்பி துளை இருந்தா, எல்லாத்துலயும் கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ வராது. சிலது சார்ஜுக்கு மட்டும். பக்கத்துல போட்டிருக்குற சின்னப் படத்தைப் பாருங்க.

3. போன் துளையைச் சுத்தம் பண்ணுங்க. ஊசி, குண்டூசி வேண்டவே வேண்டாம், உள்ள இருக்குற பின் போயிடும். மழைக் காலத்துல ஈரம் இருந்தா சில போன் தானே "ஈரம் இருக்கு"ன்னு சொல்லி நிறுத்திடும். காய விடுங்க.

4. குட்டையான, அங்கீகாரம் உள்ள கேபிள். ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்கு 3 அடிக்குள்ள இருக்கட்டும், நடுவுல ஹப், எக்ஸ்டென்ஷன் வேண்டாம்னு கூகுளே சொல்லுது. சீட்டுக்கு அடியில விடாதீங்க.

5. அதுக்கு அப்புறம்தான் செட்டிங்ஸ். ஐபோன்ல ஜெனரல், கார்பிளே போய் கார் பேரைத் தொட்டு "ஃபர்கெட்" குடுத்துட்டு முதல்ல இருந்து சேருங்க. போன் பூட்டி இருக்கும்போதும் கார்பிளேயை அனுமதிக்குற பட்டனையும் அங்கயே பாருங்க. ஆண்ட்ராய்டுல காரை மறக்கச் சொல்லி மறுபடி சேர்க்கறது, ஆப்பை அப்டேட் பண்றது, பேட்டரி சேமிப்பு அதைத் தூங்க வைக்காம பார்த்துக்கறது.

6. ஒயரே இல்லாம பண்ற குட்டி அடாப்டர் கிடைக்குது. ஆனா அதையும் காரோட அதே துளையிலதான் மாட்டணும். துளையே லூசா இருந்தா அதுவும் அறும்.

7. இதெல்லாம் பார்த்து, வேற போன் வேற கேபிள் ரெண்டையும் சேர்த்து மாத்தியும் அறுந்தா, அப்ப கார் கம்பெனிக்குப் போங்க. கையில நோட்டோட போங்க.

லீவு முடிஞ்சு திரும்பி வந்த முதல் சனிக்கிழமை, எட்டரைக்குக் காபியோட உக்காந்தேன். பூப்பாறை வந்துச்சு, போடிமெட்டு வந்துச்சு, அறுகல. அப்பா தொண்டையைச் செருமிட்டு, "இன்னைக்கு ரேடியோ வரலையேப்பா" அப்படின்னாரு. வராதுப்பான்னேன்.

கொண்டை ஊசி வளைவுல ஒரு இடத்துல மட்டும் நிஜமாவே டவர் கிடையாது. அங்க எல்லாம் அமைதியாயிடுச்சு. பழைய பயம் எனக்கு வந்துருச்சு. ஒரு நிமிசம், ஒண்ணரை நிமிசம். திரும்ப லைன் வந்தப்ப, தம்பி அப்பாகிட்ட ஏதோ சொல்லிக்கிட்டிருந்தான். அப்பா அவனை மறிச்சு, "எனக்குத் தெரியும்டா, மேப்பு நிக்குதுல்ல, பெரியவன் லைன்லதான் இருக்கான்" அப்படின்னாரு.

அப்புறம் விட்ட இடத்துல இருந்து ஏலக்காய் விலையைச் சொல்ல ஆரம்பிச்சாரு.